தேயிலை ஃபேக்டரியில் ஷாக், ட்ரிப், முனகும் மோட்டார்: அறிகுறியை வைத்துப் பழுது தேடும் வழி

குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் சுற்றுவட்டார பாட் லீஃப் ஃபேக்டரிகளில் (வெளியே விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித் தூளாக்குபவை) கரண்ட் வேலைக்குப் போனால் ஒரே ஏழெட்டுப் பழுதுகள்தான் திரும்பத் திரும்ப வரும். கீழே மேட்டுப்பாளையத்தில் இதே மோட்டாரும் இதே பேனலும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும். மேலே பனிமூட்டம், ஃபெர்மெண்டிங் ரூமின் ஈரம், எல்லாவற்றின் மேலும் படியும் டீப்பஞ்சு மூன்றும் சேர்ந்து அவற்றை நிம்மதியாக ஓடவிடாது. பெரும்பாலான பழுது தேடிப் போனால் ஈரத்திலோ எர்த்திலோதான் போய் நிற்கும்.

வயர்மேன், ஃபோர்மேன், டீமேக்கர் மூவரும் வைத்துக்கொள்ளும்படி எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்ப்பது, மூக்கால் முகர்வது, சுவிட்சை அணைப்பது யாருக்கும் உரியது. மூடியைக் கழற்றுவதும் மீட்டர் வைப்பதும் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று உள்ள வயர்மேனுக்கு மட்டும். அப்படிப்பட்ட இடங்களில் (வ) என்று போட்டிருக்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: மல்ட்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்), இரண்டு வயர் வைத்த டெஸ்ட் லாம்ப், ஒரு பூட்டு. சட்டைப்பையில் சொருகும் நியான் டெஸ்டரை நம்பி முடிவு எடுக்காதீர்கள். பக்கத்து வயரின் தூண்டலுக்கே அது மினுக்கும்; ஈரத்தரையில் உங்கள் உடம்பு வழியாகத்தான் அது எரிகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்த மூடியைக் கழற்றும் முன்னும் மெயினை அணை, பூட்டு, பலகை மாட்டு, பிறகு மீட்டர் வைத்துக் கரண்ட் இல்லை என்று பார். பூட்டு இல்லாத பழைய சுவிட்ச் என்றால் மூன்று பியூஸ் கேரியரையும் உருவி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேனல் மேல் வைத்துவிட்டுப் போனால் யாராவது நல்ல மனசோடு எடுத்து மாட்டிவிடுவார்கள்.

## அறிகுறி 1: மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது

சொன்ன நிமிடமே அந்த மெஷினின் மெயினை அணைத்து ஆட்களை விலக்குங்கள். "லேசாத்தான் அடிக்குதுண்ணே, ஷிஃப்ட் முடியட்டும், கொழுந்து கெட்டுப்போகும்" என்பது எல்லா ஃபேக்டரியிலும் கேட்கிற பேச்சு. காய்ந்த தரையில் ரப்பர் செருப்போடு நிற்பவருக்கு லேசாக அடிக்கும் அதே மெஷின், ஹோஸ் போட்டுக் கழுவிய சி.டி.சி. (கொழுந்தை நசுக்கிச் சுருட்டும் மெஷின்) தரையில் வெறுங்காலோடு நிற்பவரைச் சாய்த்துவிடும்.

அணைத்த பிறகு, தொட்டவரிடமே கேளுங்கள். எந்த இடத்தில் தொட்டார்? வேறு மெஷினிலும் அடிக்கிறதா? ஒரே ஒரு முறை 'சுள்' என்றதா, தொட்டிருக்கும் வரை 'கிர்ர்' என்று இழுத்ததா? அவர் சொல்லும் பதிலே கீழே எந்தக் கிளைக்குப் போவது என்று காட்டும்.

### அ. ஒரே மெஷினில் மட்டும்

முதலில் கண்ணால் பாருங்கள். எர்த் பட்டை மாட்டியிருக்கிறதா? நான் பார்த்ததில் அதிகம் இதுதான்: மோட்டாரை வைன்டிங் கடைக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் மூன்று ஃபேஸையும் ஒழுங்காக மாட்டியிருப்பார்கள். எர்த் பட்டை பெட் அடியில் வளைந்தபடி அநாதையாகக் கிடக்கும். மோட்டார் ஓடுவதற்கு எர்த் தேவையில்லை என்பதால் யாருக்கும் அது தெரியவே தெரியாது.

மூன்று ஃபேஸ் மோட்டார் ஒவ்வொன்றின் உடம்புக்கும் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும் என்பது விதி. ஒன்று கழன்றாலும் மற்றது காப்பாற்றும். இரண்டு பட்டையையும் கொண்டுவந்து ஒரே போல்ட்டில் முறுக்கியிருந்தால் அது ஒரு எர்த் தான். லக் (முனையில் போல்ட் போடும் உலோகத் துண்டு) அடியில் பெயிண்ட் இருக்கிறதா என்றும் சுரண்டிப் பாருங்கள். வருடாந்தரப் பராமரிப்பில் பச்சைப் பெயிண்டை மெஷின் முழுக்க அடித்து, அதன் மேலேயே லக்கை இறுக்கிவிடுவார்கள். பார்வைக்கு எர்த் இருக்கும், மீட்டருக்கு இருக்காது.

எர்த்தை மாட்டிவிட்டால் ஷாக் நின்றுவிடும். வேலை முடிந்தது என்று கிளம்பாதீர்கள். உடம்பில் கரண்ட் ஏன் வந்தது என்பது இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்து (வ):

டெர்மினல் பாக்ஸைத் திறங்கள். மூடியின் கேஸ்கெட் போயிருந்தால் உள்ளே ஈரமான டீப்பஞ்சு மெத்தை போலக் கிடக்கும். பிரஷ் போட்டு எடுத்து, காயவைத்து, புது கேஸ்கெட் போடுங்கள். பிறகு கேபிள் நுழையும் கிளாண்டைப் பாருங்கள். தூள் சலிக்கும் சிஃப்டர் மாதிரி ஆடுகிற மெஷினில் கேபிள் இரும்பு விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்திருக்கும். அந்த நீளத்தை வெட்டி மாற்ற வேண்டும். இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஒரு மழைக்குத் தாங்கும்.

கடைசியில் வைன்டிங். கேபிளைக் கழற்றி, 500 வோல்ட் மெக்கரால் ஒவ்வொரு ஃபேஸுக்கும் உடம்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். 1 மெகாவோமுக்குக் கீழே இருந்தால் காயவைத்து மறுபடி அளங்கள். காய்ந்த பிறகும் ஏறவில்லை என்றால் வைன்டிங் கடைதான்.

### ஆ. எல்லா மெஷினிலும், குழாய்த் தண்ணீரிலும்கூட

இது வேறு ரகம். ஃபேக்டரி மெயினையே அணையுங்கள். கொழுந்து போனால் போகட்டும்.

ஏதோ ஒரு மெஷின் எர்த் கம்பியில் கரண்டைக் கசியவிடுகிறது. அந்தக் கம்பி மண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் எல்லா மெஷினின் உடம்பிலும் அது பரவி நிற்கிறது. சந்தேகத்தை இந்த வரிசையில் தீருங்கள்.

எர்த் பிட்டுக்கு (எர்த் பட்டை மண்ணில் இறங்கும் குழி) நடந்து போங்கள். பல இடங்களில் அதன் சிமெண்ட் மூடியை வாட்ச்மேன் உட்காரக் கொண்டுபோயிருப்பார். பிட் மேல் அடுப்புச் சாம்பல் கொட்டியிருக்கும். தோண்டிப் பார்த்தால் ஜி.ஐ. பட்டை போல்ட் இடத்தில் தகடு தகடாக உதிரும். செம்புக் கம்பி என்றால் திருடு போயிருக்கவும் கூடும்.

அடுத்து பேனலில் பாருங்கள் (வ). "எர்த் சரியில்லை" என்று யாராவது எர்த் பஸ்பாரையும் (எல்லா எர்த்தும் வந்து சேரும் உலோகப் பட்டை) நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்திருக்கிறார்களா? எல்.டி. (தாழ்வழுத்த) சப்ளை வாங்கும் ஃபேக்டரியில் இது உயிரோடு விளையாடுவது. வெளியே கம்பத்தில் நியூட்ரல் அறுந்த அன்று, கட்டடத்திலுள்ள ஒவ்வொரு இரும்பும் கரண்டாகிவிடும்.

பிறகு கசியும் மெஷினைப் பிடியுங்கள் (வ). ஈரமண்ணில் ஒரு கம்பியை அறைந்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை எர்த் பஸ்பாரிலும் வைத்து, பேனலிலிருந்து பிரிந்து போகும் ஒவ்வொரு ஃபீடராகப் போடுங்கள். எதைப் போட்டதும் வோல்டேஜ் ஏறுகிறதோ அதுதான் குற்றவாளி. இதைச் செய்யும்போது ஃபேக்டரிக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது.

எர்த் டெஸ்டர் வைத்து ஓமை அளப்பது இதற்கடுத்து. இங்கே ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: நவம்பர் மழையில் அளந்த எர்த் அளவு எனக்கு வேண்டாம். மார்ச் மாதம் அளந்து காட்டுங்கள். மலையை வெட்டிச் சமன்செய்த இடத்தில், பாறைக்கு மேல் நாலடி கொட்டு மண்ணில் போட்ட பிட், மழையில் 3 ஓம் காட்டிவிட்டுக் கோடையில் பல மடங்கு ஏறிவிடும். சரிவின் கீழ்ப்பக்கம், தண்ணீர் இறங்கி நிற்கும் இடத்தில் இன்னும் இரண்டு பிட் போட்டு எல்லாவற்றையும் இணைப்பது, இருக்கிற பிட்டில் மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவதைவிட மேல். உப்பு ஓமை இறக்கும், கூடவே பட்டையையும் தின்னும்.

நல்ல பிட் இருந்தாலும் அது மட்டும் போதாது. 5 ஓம் எர்த்தில் 240 வோல்ட் இறங்கினால் ஓடுவது 48 ஆம்பியர். 63 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறி கரண்ட் ஓடினால் விழும் சுவிட்ச்) அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தாலே விழும் சுவிட்ச்) வேண்டியது அதனால்தான்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கசியும் மெஷினைக் கழற்றிவிட்ட பிறகும் உடம்பில் வோல்டேஜ் நின்றாலோ, மார்ச் அளவு இறங்கவே இல்லை என்றாலோ, உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரரை வரவழைத்து எர்த்தைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

### இ. ஃபைபர் எக்ஸ்ட்ராக்டர் பக்கம் மட்டும், வறண்ட நாளில்

சிஃப்டிங் ரூம் அக்காக்கள் ஜனவரி, பிப்ரவரியில் சொல்லும் புகார் இது. "சுள்ளுனு ஒரு கடி, அப்புறம் ஒண்ணும் இல்ல." அந்த மெஷினின் பி.வி.சி. ரோலர்கள் உரசி உண்டாக்கும் நிலைமின்சாரத்தில்தான் நார் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதே மின்சாரம் ஆளையும் கடிக்கும். ஒரே ஒரு சொடுக்கு, மழைக்காலத்தில் இல்லவே இல்லை, மெஷினை நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது என்ற மூன்றும் பொருந்தினால் பெரும்பாலும் அதுதான். மெஷின் சட்டத்துக்கு நல்ல எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் "அது ஸ்டேட்டிக் தான்" என்று சொல்லி ஒரு நிஜக் கசிவை மூடிவிடக் கூடாது. மெக்கர் வைத்துப் பார்த்த பிறகுதான் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் (வ). தொட்டிருக்கும் வரை இழுத்தால் அது ஸ்டேட்டிக் கிடையாது. மேலே அ-வுக்குப் போங்கள்.

### ஈ. வேலிக் கம்பி, ஸ்டே கம்பி, இரும்புப் படிக்கட்டு

கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் காட்டுமாடு முதுகு தேய்த்து ஆட்டி, லைன் தளர்ந்து தொங்கும் இடங்கள் உண்டு. ஸ்டே கம்பியிலோ அதைத் தொடும் வேலியிலோ அடித்தால் நீங்கள் எதையும் சோதிக்க வேண்டாம். ஆளை நிறுத்தி வழியை மறித்து, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். வேலிக்கு நேரடியாக மெயின் கரண்ட் கொடுத்திருப்பது தெரிந்தால் அதைப் பழுது என்று சொல்லக் கூடாது, குற்றம். மாடோ கரடியோ வருகிறது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

## அறிகுறி 2: ஆர்.சி.சி.பி. நிற்காமல் ட்ரிப் ஆகிறது

முதல் வேலை, அதற்குக் குறுக்கே யாரும் ஜம்பர் போடாமல் பார்ப்பது. ட்ரிப் ஆகிற ஆர்.சி.சி.பி.க்கு இந்த மலையில் கிடைக்கும் வழக்கமான வைத்தியம் இரண்டங்குல வயர்தான். பேனலின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். போன சீசனில் போட்டது இன்னும் அங்கேயே இருக்கலாம்.

### அ. எல்லாவற்றையும் அணைத்தாலும் நிற்கவில்லை

அவுட்கோயிங் வயர்களைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள் (வ). அப்போதும் நிற்காவிட்டால் ஆர்.சி.சி.பி. போய்விட்டது, மாற்றுங்கள். நின்றால் கோளாறு வயரிங்கில். எல்லா சுவிட்சும் ஆஃப் ஆக இருந்தும் ட்ரிப் ஆவதற்குப் பெரும்பாலும் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுவதுதான் காரணம். எலி கடித்த வயர், ஆணி இறங்கிய பைப் இரண்டையும் தேடுங்கள்.

### ஆ. குறிப்பிட்ட ஒன்றைப் போட்டால்தான்

பழைய மெஷின் என்றால் கசிவு, அறிகுறி 1-அ. புதிதாகப் போட்ட லைட் என்றால் வேறு சந்தேகம். மூட்டை அடுக்கும் ஷெட்டில் ஒரு டியூப்லைட் கூட்டும்போது ஃபேஸை ஒரு சர்க்யூட்டிலும், பக்கத்தில் இருக்கிறதே என்று நியூட்ரலை வேறு சர்க்யூட்டிலும் எடுத்திருப்பார்கள். லைட்டில் குற்றமே இருக்காது. கரண்ட் போன வழியில் திரும்பவில்லை, அவ்வளவுதான். நியூட்ரலைச் சரியான இடத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

கொழுந்து வாட்டும் டிரஃப் ஃபேனுக்குப் புதிதாக வி.எஃப்.டி. டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மாட்டிய பிறகு ஆரம்பித்ததா? அந்த டிரைவ்களின் ஃபில்டர் இயல்பாகவே கொஞ்சம் எர்த்துக்குக் கசியவிடும். அதை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்குக் கீழே மாட்டினால் நிற்காது. டிரைவுக்கென்று தனி ஃபீடர், அதற்கு ஏற்ற பி வகை, அளவு பெரிய ஆர்.சி.சி.பி. என்று ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள். இருக்கிற 30 மில்லி ஆம்பியரை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக 300 போடுவது தீர்வு ஆகாது; 300 தீயைத் தடுக்கும், ஆளைக் காக்காது. பிளக் பாயிண்ட், கிரைண்டர், ஈரத்தரைப் பகுதி இவற்றுக்கு 30 தான்.

### இ. மழை நாளில் மட்டும், அல்லது லீவு முடிந்த காலையில்

மலையின் தனிச்சொத்து இந்தக் கிளை. தென்மேற்கு மழை கூடலூர், தேவாலா பக்கமும், வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் இதைக் கொண்டுவரும்.

வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். கொழுந்து எடை போடும் ஷெட்டின் பிளக் பாயிண்ட், கேட் லைட், போர்டு லைட். இவற்றின் எம்.சி.பி.யை மட்டும் அணைத்துப் பார்த்தாலே பாதி நாள் விடை கிடைத்துவிடும். இதை யாரும் செய்யலாம். கேபிள் பெட்டிக்குள் மேலிருந்து நுழைகிறதா? அப்படியென்றால் மழைத்தண்ணீர் கேபிள் வழியே நேராக உள்ளே இறங்கும். கிளாண்ட் அடிப்பக்கம் இருக்க வேண்டும், கேபிள் ஒரு வளைவு தொங்கி மேலேறி நுழைய வேண்டும்.

உள்ளே ஃபெர்மெண்டிங் ரூம். ஹியூமிடிஃபையர் தெளிக்கிற நீராவி மூடியில்லாத ஜங்ஷன் பாக்ஸில் தினமும் வியர்க்கும். சுவிட்சுகளை அந்த அறையை விட்டே வெளியே கொண்டுபோவது நல்லது.

ஞாயிறு ஓய்ந்து திங்கள் காலை மட்டும் ட்ரிப் என்றால் மோட்டார் குளிர்ந்து உள்ளே பனி கோத்திருக்கிறது. மெக்கர் வையுங்கள் (வ). டிரைவ் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு மோட்டார்ப் பக்கம் மட்டும் வையுங்கள். மெக்கரின் 500 வோல்ட் அதன் எலெக்ட்ரானிக்ஸைத் தீர்த்துவிடும். 1 மெகாவோமுக்குக் குறைந்தால் சிறிய மோட்டாரை ட்ரையர் ஃப்ளோருக்குத் தூக்கிப்போய் ஓர் இரவு வையுங்கள். பெரியதற்கு மூடிகளைத் திறந்து, கரண்ட் துண்டித்த நிலையில், பக்கத்தில் 100 வாட் குண்டு பல்பு எரியவிடலாம், வைன்டிங்கைத் தொடாமல். புது மோட்டார் வாங்கும்போது உள்ளேயே ஹீட்டர் வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்து நோட்டில் தேதி எழுதுவது ஃபோர்மேனே செய்யக்கூடியது. அழுத்தியும் விழாத ஆர்.சி.சி.பி.யை அன்றே மாற்றுங்கள்.

## அறிகுறி 3: மோட்டார் முனகுகிறது, அல்லது ஓவர்லோடு ரிலே விழுகிறது

முனகினால் உடனே அணையுங்கள். "ரெண்டு மூணு தடவை போட்டா எடுத்துக்கும்" என்று பச்சை பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் வைன்டிங் கருகும்.

மெஷினில் அடைப்பா என்று முதலில் பாருங்கள். ரோட்டர்வேனில் (கொழுந்தை நசுக்கித் தள்ளும் மெஷின்) ஈரக் கொழுந்து சிக்குவது, சி.டி.சி. ரோலர் நெருக்கமாகச் செட் ஆகியிருப்பது, பேரிங் இறுகியது, பெல்ட் அளவுக்கு மீறி இழுத்திருப்பது. கையை விடும் முன் மெயினை அணைத்துப் பூட்டுங்கள். ஸ்டார்ட்டரின் சிவப்பு பட்டனை அழுத்தினால் போதும் என்று நினைத்து ரோட்டர்வேனுக்குள் கைவிடக் கூடாது. வேறொருவர் பச்சையை அழுத்த ஒரு நொடி போதும்.

பேனலில் ஆர், ஒய், பி விளக்கு மூன்றும் எரிகிறதா? ஒன்று எரியவில்லை, ஃபேக்டரி முழுக்க அப்படித்தான் என்றால் மின்வாரியத்தின் பக்கம் பியூஸ் போயிருக்கிறது. கம்பத்தில் ஏறாதீர்கள், ஏற்றாதீர்கள். மூன்றும் எரிந்து ஒரு மோட்டார் மட்டும் முனகினால் அதன் பியூஸ், பிறகு காண்டாக்டரின் கருகிய முனை, பிறகு கேபிள், கடைசியில் வைன்டிங் (வ).

மாலையில் மட்டும் என்றால் வோல்டேஜை அளங்கள் (வ). 415-க்கு 6 சதவீதம் ஏற இறங்க அனுமதி. அதாவது 390-லிருந்து 440 வரை. தொடர்ந்து அதற்குக் கீழே இருந்தால் நேரம், அளவு எழுதி வாரியத்தின் உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

ஓவர்லோடு ரிலே (மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் அதை நிறுத்துவது) விழுவதற்கு இங்கே இரண்டு சொந்தக் காரணங்கள். மோட்டார் ரெக்கைகளில் டீப்பஞ்சு அடைத்துக் காற்று போகாமல் சூடேறுவது. இதற்குத் துடைப்பம் போதும். மற்றது ரிலே அளவைத் தப்பாக வைப்பது. நேம் பிளேட்டில் 14 ஆம்பியர் போட்ட 10 எச்.பி. மோட்டாருக்கு டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் (மோட்டாரை நேரடியாக லைனில் போடுவது) 14 வைக்க வேண்டும். ஸ்டார்-டெல்டாவில் (குறைந்த வோல்டேஜில் கிளப்பிப் பிறகு முழுதாகக் கொடுப்பது), ரிலே வைன்டிங்குக்குப் போகும் வழியில் இருந்தால் அதில் 58 சதவீதம், சுமார் 8. அங்கேயும் 14 வைத்தால் ரிலே விழவே விழாது, மோட்டார்தான் விழும்.

எதிர்ப்பக்கம் சுற்றினால்: 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மலை இது, ஆனாலும் ஒரு கற்பூர மரம் லைன்மேல் சாய்ந்தால் எங்களுக்கு இருட்டுதான். லைனை இழுத்துக் கட்டிக் கரண்ட் வந்த பிறகு டிரஃப் ஃபேன் சுற்றுகிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால் இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருக்கிறது. எல்லா மோட்டாரும் எதிர்ப்பக்கம் என்றால் ஒவ்வொன்றிலும் போய் மாற்றாதீர்கள். வாரியத்துக்குச் சொல்லுங்கள், அல்லது இன்கமரில் (மெயின் கேபிள் வந்து நுழையும் சுவிட்ச்) ஒரே இடத்தில் மாற்றுங்கள் (வ). மாற்றிய பிறகு ஜெனரேட்டரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மர வேலை நடந்த பிறகு முதலில் ஒரு சின்ன மோட்டாரைப் போட்டுத் திசை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 4: சில லைட் மங்குகிறது, சில லைட் பளீரென்று எரிகிறது

நியூட்ரல் விட்டுவிட்டது. யோசிக்காமல் மெயினை அணையுங்கள், சி.சி.டி.வி., கம்ப்யூட்டர், எடை மெஷின் எல்லாம் நிமிடங்களில் போய்விடும். உங்கள் பேனலின் நியூட்ரல் லக் இறுக்கமாக இருந்தால் (வ) கோளாறு வெளியே. மின்னகத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

## அறிகுறி 5: பேனலில் தீய்ந்த வாடை, சூடு, 'சிர்ர்' சத்தம்

பெரும்பாலும் தளர்ந்த லக். அலுமினிய கேபிளைச் செம்பு பஸ்பாரில் நேரடியாக இறுக்கிய இடம் முதலில் கருகும். அதற்கென்று இரட்டை உலோக லக் உண்டு. பியூஸுக்குப் பதில் கட்டுக்கம்பி போட்டிருந்தால் அதை எடுத்து எறிந்துவிட்டுச் சரியான ஆம்பியரில் எச்.ஆர்.சி. பியூஸ் போடுங்கள். உள்ளே படிந்த பஞ்சை ஏர் கம்ப்ரஸரால் ஊதாதீர்கள், அது காண்டாக்டருக்குள் போய் உட்காரும். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். கேபிள் நுழையும் ஓட்டைகளை அடையுங்கள், பல்லியும் எலியும் அந்த வழியாகத்தான் வரும்.

ட்ரையர் பக்கம் ஓடும் பி.வி.சி. கேபிள் தோல் விறைத்து வெடித்திருந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. முழு நீளத்தையும் வெப்பம் தாங்கும் கேபிளாக, வேறு பாதையில் மாற்றுங்கள்.

தீப்பிடித்தால் மெயினை அணைத்து, கார்பன் டை ஆக்சைடு அல்லது பவுடர் அணைப்பான். தண்ணீர் கூடாது.

## அறிகுறி 6: ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் கோளாறு

ஜெனரேட்டர் ஓடும்போது டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஆர்.சி.சி.பி. விழுகிறது, ஆனால் நிஜமான கசிவுக்கு விழுவதில்லை. காரணம், ஜெனரேட்டரின் நியூட்ரலுக்கு எர்த் போடாமல் விட்டிருப்பார்கள். பட்டன் தன் உள்வட்டத்திலேயே சோதிப்பதால் அது நல்லபிள்ளையாகக் காட்டிக்கொள்ளும். நியூட்ரலுக்கு இரண்டு எர்த், உடம்புக்கு இரண்டு எர்த் என்று நான்கு இணைப்பையும் எண்ணிப் பாருங்கள்.

சேஞ்ச் ஓவர் (வாரியக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சுவிட்ச்) இல்லாமல் பிளக் பாயிண்ட் வழியாக ஜெனரேட்டர் கரண்டை உள்ளே விடுவது, இருட்டில் மரம் வெட்டி லைன் கட்டிக்கொண்டிருக்கும் லைன்மேனைக் கொல்லக்கூடியது. நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு போல் சேஞ்ச் ஓவர் போடுங்கள்.

## ஒருவருக்கு அடித்துவிட்டது

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மெயினை அணையுங்கள், எட்டவில்லை என்றால் காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளுங்கள். 108-ஐ அழைக்கும்போதே, மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த ஆரம்பியுங்கள். கொண்டைஊசி வளைவுகளைத் தாண்டி வண்டி வந்து சேர நேரமாகும், அதுவரை ஆள் மாற்றி அழுத்த நாலு பேருக்காவது பழக்கம் இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லண்ணே" என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இ.சி.ஜி. எடுங்கள்.

2003 மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்கீழ் மின் ஆய்வாளருக்கு அறிவிப்பு போக வேண்டும்: உயிர் போனால் 24 மணி நேரத்துக்குள் தகவல், எந்த விபத்தானாலும் 48 மணி நேரத்துக்குள் எழுத்தில். உயிர் போனால்தான் என்று இல்லை, காயம்பட்டாலும். ஆய்வாளர் வரும்வரை மெஷினையும் வயரையும் கலைக்காதீர்கள்.

## ஆய்வில் குறை எழுதிவிட்டார்கள்

இதுவும் ஒரு அறிகுறிதான். பழைய செக்லிஸ்ட்டை வைத்துத் தயாரானவர்கள் கவனிக்க: மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகளுக்குப் பதில் 2023-ல் புதியவை வந்துவிட்டன. விதி எண்களும் மாறிவிட்டன, நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது புதிய எண்ணைப் போடுங்கள்.

காசில்லாமல் அன்றே தீர்வது: பேனல் முன்னால் அடுக்கிய டீ மூட்டைகள். முன்பக்கம் 1 மீட்டர் வெற்றிடம் வேண்டும். பின்பக்கம் 20 சென்டிமீட்டருக்குள் ஆள் நுழைய முடியாதபடி, இல்லையென்றால் 75 சென்டிமீட்டருக்கு மேல் ஆள் தாராளமாகப் போகும்படி இருக்க வேண்டும். நடுவில் மாட்டிக்கொள்ளும் அகலம்தான் கூடாது.

சில நூறு, சில ஆயிரத்தில்: மண்டையோட்டு அபாயப் பலகை, ஷாக் முதலுதவிப் பட்டியல், பேனல் முன் மின்காப்பு ரப்பர் விரிப்பு. பலகை தமிழில் இருந்தால் போதும் என்று நிறுத்தாதீர்கள். ராத்திரி ஷிஃப்ட்டில் பாதிப் பேர் வடமாநிலத் தம்பிகள் என்றால் இந்தியிலும் மாட்டுங்கள். அடுப்பு, ட்ரையர் சேம்பருக்குள் இறங்க 24 வோல்ட் கைவிளக்கு. 1948 தொழிற்சாலைச் சட்டமே போட்ட வரம்பு அது, இன்னும் 240 வோல்ட் பல்பை நீள வயரில் கட்டி உள்ளே இறக்கும் ஃபேக்டரிகள் இருக்கின்றன.

கொஞ்சம் நாள் பிடிப்பது: இரட்டை எர்த், எர்த் அளவுப் பதிவேடு, ஒவ்வொரு ஃபீடருக்கும் ஆர்.சி.சி.பி. பதிவேட்டில் தேதி, பிட் எண், ஓம், அளந்தவரின் சான்று எண் நான்கும் இருக்கட்டும். எல்லா மாதமும் ஒரே ஓம் எழுதியிருந்தால் அளக்காமல் எழுதியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

பெரிய செலவு: திறந்த கத்தி சுவிட்சும் மரப்பலகையும் உள்ள பழைய பேனல். இதை மாற்றச் சொன்னால் தள்ளிப்போட வழியில்லை. சீசன் குறையும் உறைபனி மாதங்களில் வேலை வைத்துக்கொள்ளும்படி ஒப்பந்ததாரரிடம் வரைபடமும் எஸ்டிமேட்டும் வாங்கி, எந்தத் தேதிக்குள் முடியும் என்று குறிப்பிட்டு ஆய்வாளருக்கு எழுதுங்கள். அதுவரை அந்தப் பேனலுக்குக் கம்பி வலைக் கதவு போட்டுப் பூட்டி, சாவியை வயர்மேனிடம் மட்டும் கொடுங்கள்.